கடைமடைக்கு வராத டேட்டா: காணாமல் போன பதிவுகளைத் தேடிப் பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

கார்த்திகை மாத மழை இரவு ஒன்று விடிந்ததும் கடலூர் முதுநகரிலிருந்து போன் வந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள இறால் குளிர்அறை ஒன்றின் மேலாளர். "தம்பி, ராத்திரி கரண்ட் போச்சுல்ல, ஜெனரேட்டர் ஓட ஆரம்பிக்கறதுக்குள்ள ரூம் எவ்வளவு சூடாச்சுன்னு பாத்துச் சொல்லு. வாங்கறவங்க கேக்கறாங்க."

"சரி அண்ணே" என்று திரையைத் திறந்தேன். இரவு 11.10 வரை வெப்பநிலைக் கோடு ஒழுங்காக ஓடுகிறது. அதிகாலை 3.40க்கு மறுபடி தொடங்குகிறது. நடுவில் வெறும் வெள்ளை. உறைந்த இறால் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டிய சரக்கு. அவருக்குத் தேவைப்பட்டது அந்த நாலரை மணி நேரம் மட்டும்தான். எங்களிடம் இல்லாததும் அந்த நாலரை மணி நேரம் மட்டும்தான்.

புதுச்சேரியில் இருந்த எங்கள் சிறிய அலுவலகம் அப்போது 11 குளிர்அறைகளைக் கவனித்துவந்தது. சென்சார் நிமிடத்துக்கு ஒருமுறை அளவு எடுக்கும். அறைக்கு வெளியே சுவரில் மாட்டிய கேட்வே பெட்டி அதை இணையம் வழியாக அனுப்பும். காஃப்கா என்ற மென்பொருள் வாங்கி வரிசையில் வைக்கும். ஃபிளிங்க் என்ற இன்னொரு மென்பொருளில் ஓடும் எங்கள் நிரல் (இதைத்தான் ஜாப் என்கிறேன்) ஐந்து நிமிடச் சராசரி போடும். அது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் டேபிளில் போய் உட்காரும், டாஷ்போர்டு அதிலிருந்து படிக்கும். நீங்கள் பீம், கூகுள் டேட்டாஃப்ளோ, நைஃபை என்று டேட்டாவை ஓடவிடும் வேறு எந்த மென்பொருளை வைத்திருந்தாலும் அமைப்பு ஏறக்குறைய இதேதான்.

வீராணம் பாசனத்தில் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், விவசாயி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேலே நடப்பார். ஒவ்வொரு மதகிலும் நின்று பார்ப்பார். இங்கே தண்ணீர் நிற்கிறதா? நிற்கிறது என்றால் அடைப்பு இதற்குக் கீழே. இல்லை என்றால் இன்னும் மேலே நடக்க வேண்டும். டேட்டாவைத் தேடுவதும் இதே நடைதான். "எங்கேயோ விழுந்துபோச்சு" என்று சொல்லும் வரை எதுவும் கிடைக்காது. எந்த இரண்டு மதகுகளுக்கு நடுவே என்று சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் கை வைக்காதீர்கள்

ஓட்டை தெரிந்ததும் எல்லாருக்கும் வரும் முதல் ஆசை, ஜாபை நிறுத்தி மறுபடி ஓட விடுவது. வேண்டாம். நிறுத்தினால் நினைவகத்தில் இருந்த எண்ணிக்கைகள் பூஜ்யமாகும், எந்த நிலையில் மாட்டிக்கொண்டிருந்தது என்ற தடயமும் போய்விடும். முதலில் திரைகளைப் படம் எடுத்து வையுங்கள். லாக் கோப்புகளை வேறு இடத்தில் நகல் எடுங்கள். ஜாபின் எண்ணிக்கைகளைத் தேதி நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எதற்கெல்லாம் ஆயுள் குறைவு என்று பாருங்கள். காஃப்கா டாபிக்கில், அதாவது பதிவுகள் வரிசையாக நிற்கும் இடத்தில், யாரும் எதையும் மாற்றாமல் விட்டிருந்தால் பதிவுகள் 168 மணி நேரம், அதாவது ஏழு நாள் இருக்கும். காஃப்கா போன்ற கூகுள் சேவையான பப்சப்பில் வாங்கியதாக உறுதி சொல்லப்படாத செய்திகளுக்கும் இயல்பான ஆயுள் ஏழு நாள்தான். வாடிக்கையாளர் மாதக் கடைசியில் வந்து "பத்தாம் தேதி டேட்டா இல்லையே" என்று கேட்டால், மூலமே அழிந்து போயிருக்கும். எனவே ஓட்டை தெரிந்த அன்றே அந்த டாபிக்கின் தக்கவைப்புக் காலத்தை நீட்டுங்கள். சேமிப்பு வட்டில் இடம் இல்லை என்றால், சந்தேகத்துக்குரிய நாளின் பதிவுகளை மட்டும் ஒரு கோப்பில் இறக்கி வையுங்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் விட்டு, காரணத்தைக் கண்டுபிடித்த நாளில் மீட்க எதுவும் இல்லாமல் நின்ற அனுபவமும் எனக்கு உண்டு.

ஓட்டையின் உருவத்தை வரையுங்கள்

"டேட்டா குறைகிறது" என்று யாராவது சொன்னால் நான் மூன்று கேள்வி கேட்பேன். எவ்வளவு வர வேண்டும்? எவ்வளவு வந்திருக்கிறது? குறைவது எங்கே?

முதல் கேள்விக்குப் பலரிடம் பதில் இருக்காது. நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு சென்சாருக்கு நாளைக்கு 1,440. பதினொன்றுக்கு 15,840. இந்த எண் கையில் இருந்தால்தான் 15,030 வந்த நாளில் சந்தேகம் வரும். இல்லாவிட்டால் பதினைந்தாயிரம் என்பது நிறைவான எண்ணாகவே கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம் மணி நேரத்துக்கு ஒன்று, சென்சாருக்கு ஒன்று என்று ஒரு கட்டம் போட்டு எண்ணிக்கையை நிரப்புங்கள். டேபிளில் இல்லாத மணி நேரம் சாதாரணக் கூட்டலில் வராது. பூஜ்யம் என்ற வரிசையே இருக்காது. எனவே எல்லா மணி நேரங்களையும் கொண்ட பட்டியல் ஒன்றைத் தனியாக உருவாக்கி, அதை இடப்பக்கம் வைத்து லெஃப்ட் ஜாயின் (இடப்பக்க வரிசைகள் எதையும் விடாத இணைப்பு) செய்யுங்கள். போஸ்ட்கிரெஸில் இந்தப் பட்டியலை உருவாக்க ஜெனரேட் சீரிஸ் என்ற வசதி இருக்கிறது.

கட்டம் நிரம்பியதும் ஓட்டைக்கு ஒரு உருவம் வரும். அந்த உருவம் நிறையப் பேசும். ஒரே சென்சார், நாள் முழுக்க இல்லை என்றால் கருவியோ கேட்வேயோ பழுது. எல்லா சென்சாரும் ஒரே நிமிடத்தில் நின்று ஒரே நிமிடத்தில் வந்தால் நடுவழியில் உள்ள சர்வர். நாளின் கடைசி ஐந்தரை மணி நேரம் மட்டும் காலி, ஆனால் அடுத்த நாள் பார்த்தால் நிரம்பியிருக்கிறது என்றால் நேர மண்டலம். எல்லா இடத்திலும் சீராக நூற்றுக்கு இரண்டு குறைகிறது என்றால் ஏதோ ஒரு ஃபில்டரோ ஜாயினோ தின்கிறது. ஒரு புது வகைப் பதிவு மட்டும் வரவே இல்லை என்றால் ஸ்கீமா, அதாவது பதிவின் அமைப்பு விதி.

எங்கள் கட்டத்தில் மூன்று அறைகள் மட்டும், மூன்றும் ஒரே ஃபீடரில் கரண்ட் வாங்குபவை, 11.10 முதல் 3.40 வரை காலி. 270 நிமிடம், மூன்று அறை, 810 அளவுகள். மற்ற எட்டு அறைகளில் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. கரண்ட் போனதால் அனுப்ப முடியவில்லை என்று அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அந்த கேட்வேக்கு உள்ளே பேட்டரி உண்டு. ரவுட்டர் இல்லாத நேரத்தில் அளவுகளை உள்ளேயே சேமித்து, இணைப்பு வந்ததும் மொத்தமாக அனுப்பும்படிதான் அதை எழுதியிருந்தோம். அப்படியானால் அவை கிளம்பியிருக்க வேண்டும்.

ஒரே ஒரு பதிவைப் பின்தொடருங்கள்

இப்போது கடைமடையிலிருந்து மேலே நடக்க வேண்டும். ஒவ்வொரு மதகிலும் அதே காலத்துக்கான எண்ணிக்கை எடுங்கள். டாஷ்போர்டு காட்டுவது எவ்வளவு, டேபிளில் எவ்வளவு, ஜாப் வெளியே தள்ளியது எவ்வளவு, ஜாப் உள்ளே வாங்கியது எவ்வளவு, டாபிக்கில் எவ்வளவு, கேட்வே லாக்கில் எவ்வளவு.

டாஷ்போர்டிலேயே நிற்பதும் உண்டு. பழைய நகலை வைத்துக்கொண்டு காட்டலாம், ஆயிரம் வரிசைக்கு மேல் காட்டாமல் வெட்டலாம், தேதி வடிகட்டியில் கடைசி நாள் விடுபட்டிருக்கலாம். ஆகவே டேபிளை நேரடியாகக் கேட்டுப் பார்க்காமல் மேலே ஏறாதீர்கள்.

எண்ணும்போது ஒரு பெரிய பொறி இருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு நேரங்கள் உண்டு. அளவு எடுக்கப்பட்ட நேரம் ஒன்று, நம் கணினிக்கு வந்து சேர்ந்த நேரம் இன்னொன்று. ஒரு மதகில் முதலாவதை வைத்தும் அடுத்த மதகில் இரண்டாவதை வைத்தும் எண்ணினால், காணாமல் போகாதது காணாமல் போனதாகத் தெரியும். எந்த நேரத்தை வைத்து எண்ணுகிறேன் என்பதைத் தாளில் எழுதிக்கொண்டு தொடங்குங்கள்.

எண்ணிக்கை மட்டும் போதாது. நிச்சயமாக இருந்திருக்க வேண்டிய ஒரே ஒரு பதிவைத் தேர்ந்தெடுத்து அதைப் பெயர் சொல்லித் தேடுங்கள். நான் எடுத்தது ஏழாம் அறை, நள்ளிரவு 12.03. டேபிளில் இல்லை. ஜாப் வெளியே தள்ளியதிலும் இல்லை. டாபிக்கை முதலிலிருந்து படித்து, சென்சார் எண்ணை வைத்துச் சலித்தேன். இருந்தது. வெப்பநிலை மைனஸ் 13.4. எடுத்த நேரம் 12.03. டாபிக்குக்குள் வந்த நேரம் 3.41.

இடையில் 3 மணி 38 நிமிடம். அந்த இரண்டு நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. டேட்டா தொலையவில்லை. தாமதமாக வந்தது. ஃபிளிங்க் கதவைச் சாத்தியிருந்தது.

நேரம்தான் முதல் சந்தேகம்

ஓடும் டேட்டாவைக் கையாளும் எந்த அமைப்பிலும் நான் முதலில் சந்தேகப்படுவது நேரத்தைத்தான். இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சராசரி போட வேண்டும் என்றால் டேட்டாவை விண்டோக்களாகப் பிரிக்க வேண்டும். 12.00 முதல் 12.05 வரை ஒரு விண்டோ. அந்த விண்டோவுக்கான எல்லா அளவுகளும் வந்துவிட்டன என்று எப்போது முடிவு செய்வது? அதற்காக வைத்திருப்பதுதான் வாட்டர்மார்க். "இந்த நேரம் வரைக்குமானவை வந்துவிட்டன" என்று அமைப்பு போடும் கோடு. ஃபிளிங்க்கில் வழக்கமாக, இதுவரை பார்த்த மிகப் புதிய நேரத்திலிருந்து நாம் சொன்ன சலுகை நேரத்தைக் கழித்து இந்தக் கோட்டைப் போடுவார்கள். நாங்கள் கொடுத்திருந்த சலுகை இரண்டு நிமிடம்.

மற்ற எட்டு அறைகளும் ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருந்ததால் வாட்டர்மார்க் முன்னேறிக்கொண்டே போனது. 3.41க்கு மூன்று அறைகளின் பழைய அளவுகள் வந்தபோது கோடு 3.39ல் இருந்தது. 12.03க்கான விண்டோ எப்போதோ கணக்கு முடித்து மூடப்பட்டுவிட்டது. மூடிய விண்டோவுக்கு வரும் பதிவை என்ன செய்வது என்று நாங்கள் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் ஃபிளிங்க்கிலும் சரி, பீமிலும் சரி, தாமதத்துக்கான அனுமதி பூஜ்யம். பதிவு சத்தமில்லாமல் கைவிடப்படும். பிழைச் செய்தி வராது, ஜாப் பச்சை நிறத்திலேயே ஓடும்.

எங்கே பார்ப்பது? இரண்டு அமைப்புகளும் தாமதத்தால் கைவிட்ட பதிவுகளுக்குத் தனி எண்ணிக்கை வைத்திருக்கின்றன. கூகுள் டேட்டாஃப்ளோவில் ஜாபின் எண்ணிக்கைப் பட்டியலில் 'டிராப்டு டியூ டு லேட்னெஸ்' என்று வரும். ஃபிளிங்க்கில் விண்டோ போடும் படியின் அளவீடுகளில் தாமதப் பதிவுகளின் எண்ணிக்கை இருக்கும். எங்கள் ஜாபில் அந்த எண் 810. அதைப் பார்க்க ஒரு வரைபடம்கூட நாங்கள் வைத்திருக்கவில்லை.

பீமில் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். கைவிடுதல் நடப்பது குழுவாகச் சேர்க்கும் படியில்தான். அதற்கு முந்தைய படிகளில் எண்ணினால் எல்லாம் சரியாக இருக்கும். "உள்ளே வந்தது, அடுத்த படிக்கும் போனது, ஆனால் முடிவில் இல்லை" என்று குழம்புபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் நிற்கிறார்கள்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு கோளாறு உண்டு. வாட்டர்மார்க் நகராமலே நின்றுவிடும். காஃப்கா டாபிக்கில் நான்கு பார்டிஷன்கள் (பிரிவுகள்) இருந்து, ஒன்றில் மட்டும் டேட்டா வரவில்லை என்றால், நான்கிலும் பின்தங்கியதை வைத்துத்தான் மொத்த வாட்டர்மார்க் போடப்படும். அந்த வெற்றுப் பார்டிஷன் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்திவிடும். டேட்டா உள்ளே போகும், முடிவு வெளியே வராது. ஃபிளிங்க்கில் சும்மா இருக்கும் பார்டிஷனைக் கணக்கில் சேர்க்காமல் விட 'வித் ஐடில்னெஸ்' என்ற அமைப்பு உண்டு. அதைப் போட்டுவிடுங்கள்.

கருவியின் கடிகாரமும் விளையாடும். உள்ளே இருக்கும் பொத்தான் செல் தீர்ந்துபோன கேட்வே, கரண்ட் வந்ததும் 1970 ஜனவரி 1 என்று நினைத்துக்கொண்டு எழுந்திருக்கலாம். அந்தப் பதிவுகள் எல்லாமே தாமதம் என்று தள்ளப்படும். நொடிகளில் வந்த எண்ணை மில்லி நொடி என்று எடுத்துக்கொண்டாலும் இதே கதி. உதாரணமாக 1733000000 என்பது நொடிக் கணக்கில் 2024 டிசம்பர் 1 அதிகாலை. மில்லி நொடி என்று எடுத்தால் 1970 ஜனவரி 21. டேபிளில் 1970ம் ஆண்டுப் பதிவுகள் இருக்கின்றனவா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். பல ஆண்டுகளாக ஓடும் அமைப்புகளில் அங்கே ஒரு சிறு குவியல் கிடைப்பது அபூர்வம் இல்லை.

இதைவிட மோசம் கடிகாரம் முன்னால் ஓடுவது. ஒரே பார்டிஷனில் எல்லாக் கருவிகளும் எழுதும்போது, ஒரு கருவி மட்டும் நாளைய தேதியில் ஒரு பதிவை அனுப்பினால், வாட்டர்மார்க் நாளைக்குத் தாவிவிடும். அதன்பின் சரியான நேரத்தோடு வரும் அத்தனை பதிவுகளும் தாமதம். ஒரு கருவியின் தவறுக்கு மற்ற எல்லாக் கருவிகளும் பலி. எனவே வாட்டர்மார்க் போடும் படிக்கு முன்னாலேயே, நம் சர்வர் நேரத்தைவிட ஐந்து நிமிடத்துக்கு மேல் முன்னால் இருக்கும் பதிவுகளைத் தனியாக ஒதுக்கும் ஃபில்டர் ஒன்று கட்டாயம் வேண்டும்.

நேர மண்டலம் இன்னொரு தலைவலி. நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால். டேபிள் பொது நேரத்தில் நாளைப் பிரித்தால், நம்மூர் நள்ளிரவு முதல் அதிகாலை 5.30 வரை உள்ள பதிவுகள் முந்தைய நாள் கணக்கில் போய் உட்காரும். மீன்பிடிப் படகுகள் கரைக்கு வருவதும் ஏலமும் அதிகாலை வேலை. மீன் சம்பந்தப்பட்ட எந்தக் கணக்கிலும் இது நேராக அடிக்கும். மழைக் கணக்கோடு சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு மூன்றாவது நாளும் உண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ஒரு நாள் மழை என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. மூன்றுமே "ஒரு நாள்"தான். எந்த நாள் என்று டேபிளின் விளக்கத்தில் எழுதி வைக்காவிட்டால் யாராவது ஒருவர் டேட்டா குறைகிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

நடுவழியில் நிற்கும் காஃப்கா

டாபிக்கிலேயே பதிவு இல்லை என்றால் அனுப்பும் பக்கம் பாருங்கள். டாபிக்கில் இருக்கிறது, ஜாப் வாங்கவில்லை என்றால் ஆஃப்செட்டை, அதாவது எதுவரை படித்தாயிற்று என்ற குறியைப் பாருங்கள்.

காஃப்காவில் புதிய கன்சூமர் குரூப் (ஒரே பெயரில் படிக்க வருபவர்களின் குழு) ஒன்று முதல்முறை படிக்க வரும்போது எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லாவிட்டால், 'லேட்டஸ்ட்' என்றே எடுத்துக்கொள்ளும். அதாவது இனி வருவது மட்டும். யாரோ குரூப்பின் பெயரை மாற்றி ஜாபை ஏற்றினால், பழைய ஜாப் நின்ற நேரத்துக்கும் புதியது எழுந்த நேரத்துக்கும் நடுவில் வந்தவை படிக்கப்படாது. ஜாப் பத்து நாள் நின்றிருந்து, அதற்குள் பழைய பதிவுகள் ஆயுள் முடிந்து அழிந்திருந்தாலும் இதே அமைப்பு வேலை செய்யும். நின்ற இடம் இப்போது இல்லை என்பதால் நேராகக் கடைசிக்குத் தாவிவிடும். இன்னும் உயிரோடு இருக்கும் ஏழு நாள் பதிவுகளும் சேர்ந்தே விடுபடும். முக்கியமான டேட்டா என்றால் இதை 'எர்லியஸ்ட்' என்று வையுங்கள். இரண்டு முறை வந்தால் நீக்கிக்கொள்ளலாம், வராததை எங்கே போய்த் தேடுவது?

தானாக உறுதி செய்யும் வசதி இயல்பாகவே இயங்கும், ஐந்து நொடிக்கு ஒருமுறை "இதுவரை படித்தாயிற்று" என்று குறித்துவிடும். பதிவுகளை வாங்கி வேறு த்ரெட்டில் வேலை செய்யும் ஜாப், குறித்த பிறகு எழுதி முடிப்பதற்கு முன் விழுந்தால், நடுவில் உள்ளவை போய்விடும். எழுதி முடித்த பிறகு நாமே உறுதி செய்வது பாதுகாப்பு. டாபிக்கில் காம்பாக்ஷன் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். போட்டிருந்தால் ஒவ்வொரு கீக்கும் (பதிவின் அடையாளத்துக்கும்) கடைசி மதிப்பு மட்டுமே மிஞ்சும். சென்சார் எண்ணைக் கீயாக வைத்து காம்பாக்ஷனும் போட்டால் வரலாறு முழுக்க அரிக்கப்பட்டுவிடும்.

பப்சப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வரி: சப்ஸ்கிரிப்ஷன் உருவாவதற்கு முன் அனுப்பிய செய்திகள் அதற்குத் தானாக வராது. வாங்குபவரை முதலில் உருவாக்குங்கள், அப்புறம் அனுப்பத் தொடங்குங்கள்.

ஃபில்டரும் ஜாயினும் ஊர்ப் பெயரும்

சீராக நூற்றுக்கு ஒன்றிரண்டு குறைகிறதா? நிபந்தனைகளைப் படியுங்கள். இங்கே நம்மூருக்கே உரிய சிக்கல்கள் நிறைய.

புதுச்சேரி வாடிக்கையாளர்களைப் பிரிக்க, பின்கோடு 605ல் தொடங்கினால் புதுச்சேரி என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் பாகூர் புதுச்சேரியைச் சேர்ந்தது, அதன் பின்கோடு 607402. கடலூருக்கு உரிய 607தான் அதற்கும். விழுப்புரமோ தமிழ்நாடு, அது 605602. காரைக்கால் 609, மாஹே 673, யானம் 533. புதுச்சேரியின் நிலம் நம் மாவட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடப்பதை அறிந்தவர் இந்த நிபந்தனையை எழுத மாட்டார். பின்கோடு என்பது அஞ்சல் பாதை, அரசு எல்லை இல்லை. எல்லைக்கு ஊர்ப் பட்டியல்தான் வேண்டும்.

ஊர்ப் பட்டியலோடு இணைக்கும்போது பெயர் வந்து நிற்கும். புதுச்சேரி, பாண்டிச்சேரி, பாண்டி. கடலூர் முதுநகர், கடலூர் ஓ.டி. பாண்டிச்சேரி 2006ல் புதுச்சேரி என்று மாறியது என்றாலும் படிவங்களில் எல்லாப் பெயர்களும் ஓடுகின்றன. இருபக்கமும் பொருந்துவதை மட்டும் வைத்துக்கொள்ளும் இன்னர் ஜாயின் போட்டால் பட்டியலில் இல்லாத எழுத்து வடிவம் கொண்ட பதிவு முழுதாக விழும். எப்போதும் லெஃப்ட் ஜாயின் போட்டு, பொருந்தாதவற்றைத் தனி டேபிளுக்கு அனுப்புங்கள்.

கண்ணுக்கே தெரியாத ஒன்றும் இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் என்று இரண்டு பேர் தட்டச்சு செய்கிறார்கள். திரையில் அச்சு அசலாக ஒரே மாதிரி. ஆனால் 'கோ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறி ஒரே குறியாக ஒட்டலாம். அல்லது இரட்டைக் கொம்பு ஒன்றும் கால் ஒன்றுமாக இரண்டு குறிகள் ஒட்டலாம். கணினிக்கு இவை இரண்டும் வேறு வேறு சொற்கள். ஜாயின் பொருந்தாது. எழுத்து எண்ணிக்கையைக் கேட்டுப் பாருங்கள், ஒன்று கூடுதலாக வரும். கொள்ளிடம், சோழத்தரம், கௌ என்று தொடங்கும் பெயர்கள் எல்லாவற்றிலும் இந்த ஆபத்து உண்டு. பதிவு உள்ளே நுழையும் இடத்திலேயே யூனிகோடின் 'என்எஃப்சி' வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. இதற்கு முழு மதியம் தின்றது எனக்கு. அதனால்தான் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

வெற்று மதிப்புகளும் இதே வகை. "நிலை என்பது பழுது இல்லை" என்று எஸ்கியூஎல்லில் நிபந்தனை போட்டால், நிலை நிரப்பப்படாத வரிசைகளும் விழுந்துவிடும். வெற்று மதிப்பை எதனோடு ஒப்பிட்டாலும் விடை உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. அவற்றை வைத்துக்கொள்ள வேண்டுமா என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

எழுதும் இடத்தில் விழுவது

ஜாப் சரியாகத் தள்ளியது, டேபிளில் இல்லை. அப்படியானால் டேபிளின் கீயைப் பாருங்கள். போஸ்ட்கிரெஸில் 'ஆன் கான்ஃபிளிக்ட் டூ நத்திங்' என்று எழுதினால், அதே கீயோடு ஏற்கெனவே வரிசை இருந்தால் புதியது பேசாமல் விடப்படும். சென்சார் எண்ணும் நிமிடமும் சேர்ந்தது கீ என்று வைத்து, ஒருநாள் சென்சாரை அரை நிமிடத்துக்கு ஒருமுறை என மாற்றினால், சரியாகப் பாதி டேட்டா காணாமல் போகும். பாதி என்ற எண்ணைப் பார்த்தால் முதலில் கீயைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நைஃபை வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது. அமெரிக்காவின் உளவு அமைப்பான என்எஸ்ஏவுக்குள் 2006ல் பிறந்து, 2014ல் திறந்த மூலமாக வந்த அமைப்பு அது. ஒவ்வொரு பதிவும் எந்தப் படியில் என்ன ஆனது என்ற வரலாற்றை அதுவே வைத்திருக்கும். அந்தப் பக்கத்தில் 'டிராப்', 'எக்ஸ்பயர்' என்ற நிகழ்வுகளைத் தேடுங்கள். தோல்வி வழியை எதனோடும் இணைக்காமல் தானாக முடித்துவிடும்படி டிக் போட்டிருப்பார்கள், பெரும்பாலும் பதிவுகள் விழுவது அங்கேதான். கோப்புறையைப் பட்டியலிடும் படியில், கோப்பின் மாற்ற நேரத்தை வைத்துக் கணக்கு வைத்திருந்தால், பழைய நேரத்தோடு பின்னால் வந்து விழும் கோப்புகள் கண்ணில் படாது. ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே நினைவில் வைக்கும் முறைக்கு மாற்றுங்கள்.

மீட்பது எப்படி

காரணம் தெரிந்ததும், "சரி, டாபிக்கை முதலிலிருந்து மறுபடி ஓட விடுவோம்" என்று நானும் தொடங்கினேன். அதே ஜாப், அதே அமைப்பு. அதே 810ம் மறுபடி விழுந்தன. ஏன் விழாது? டாபிக்கில் அவை இருக்கும் வரிசை மாறவில்லையே. மற்ற அறைகளின் 3.39 அளவுக்குப் பின்னால்தான் 12.03 நிற்கிறது. வாட்டர்மார்க் மறுபடியும் அதேபோல் முன்னே ஓடும், கதவும் அதேபோல் சாத்தும்.

மீட்கும் ஓட்டத்தைத் தொகுப்பாக, அதாவது பேட்ச் முறையில் செய்யுங்கள். பீமிலும் ஃபிளிங்க்கிலும் முடிவுள்ள டேட்டாவை பேட்ச் முறையில் ஓட்டினால், எல்லாவற்றையும் படித்த பிறகுதான் விண்டோக்கள் மூடப்படும். தாமதம் என்ற பேச்சே வராது. புதிய கன்சூமர் குரூப் பெயரில் படியுங்கள், முடிவைத் தனி டேபிளில் எழுதுங்கள். பழைய டேபிளோடு மணி நேரக் கட்டத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஓட்டை இருந்த இடத்தில் மட்டும் வித்தியாசம் இருந்தால் சேருங்கள். ஏற்கெனவே நிரம்பியிருந்த இடத்திலும் எண் மாறினால் நிறுத்துங்கள், இன்னொரு காரணம் ஒளிந்திருக்கிறது.

அடுத்த முறைக்காக நாங்கள் செய்தவை. தாமதமாக வந்தவற்றைக் கைவிடாமல் பக்க வழியாக ஒரு தனி டேபிளில் கொட்டுகிறோம், தினமும் காலை பேட்ச் ஓட்டம் அவற்றைச் சேர்த்து முந்தைய நாளைத் திருத்துகிறது. தாமத அனுமதியை ஒரு வாரம் என்று நீட்டிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். நீட்டலாம், ஆனால் அத்தனை விண்டோக்களையும் ஒரு வாரம் நினைவில் சுமக்க வேண்டும். ஃபெஞ்சல் போன்ற புயல் அடித்தால் எத்தனை நாள் கரண்ட் இருக்காது என்று யார் சொல்ல முடியும்? எந்த அனுமதியும் ஒருநாள் போதாமல் போகும், பக்க வழி போதாமல் போகாது. எந்தக் கணக்கும் போடுவதற்கு முன், வந்த பதிவை வந்தபடியே சேமிக்கும் மூல நகல் ஒன்றும் இப்போது இருக்கிறது. வர வேண்டிய 60ல் எத்தனை வந்தது என்று மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு சென்சாருக்கும் எண்ணி, குறைந்தால் போனுக்குச் செய்தி வரும். குளிர்அறைகளில் ரவுட்டர் பிளக்கை ஜெனரேட்டர் லைனுக்கு மாற்றினோம். எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை.

முதுநகர் மேலாளருக்கு அன்று மாலையே விவரம் போனது. ஐந்து நிமிடச் சராசரி உச்சத்தை மழுங்கடித்துக் காட்டும் என்பதால், மூல அளவுகளை அப்படியே எடுத்து, மைனஸ் 18க்கு மேல் எத்தனை நிமிடம், அதிகபட்சம் எவ்வளவு என்று இரண்டு எண்களாகக் கொடுத்தோம். டேபிளில் மூன்று அறைக்கும் சேர்த்து 162 வரிசைகள் கூடின. பின்னால் சேர்க்கப்பட்டது என்ற குறியும், சேர்த்த தேதியும் அவற்றுக்கு எதிரே இருக்கின்றன.